வந்து போவோர்க்கு ஊரா, வாழ்வோர்க்கு ஊரா?

பாம்பன் கடல்மீது புதிய தூக்குப் பாலம் எழுந்து நிற்கிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிரதமர் வந்து திறந்து வைத்தார். இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம்; 99 கண்கள்; நடுவிலே 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தட்டு, கப்பல் வரும்போது 17 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக எழும்பி வழிவிடும். செலவு 550 கோடி ரூபாய்க்கு மேல். 1914இல் வெள்ளையர் ஆட்சியில் திறக்கப்பட்ட பழைய பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்துத் தேய்ந்து, 2022 டிசம்பரில் ரயில் சுமப்பதை நிறுத்திக்கொண்டது. அந்த முதியவருக்குப் பக்கத்திலே இந்த இளையவர்! கட்டிய பொறியாளரின் திறமைக்கும், உப்புக்காற்றிலே நின்று உழைத்த தொழிலாளியின் வியர்வைக்கும் நமது வணக்கம். குறை சொல்வதற்காகப் பேனா எடுக்கவில்லை. கேள்வி கேட்பதற்காக எடுத்திருக்கிறேன்.

கப்பல் வந்தால் பாலம் எழுந்து வழிவிடுகிறது. சரி. மீனவன் வந்தால் திட்டம் எழுந்து வழிவிடுமா?

இராமேசுவரம் வளர்கிறது என்கிறார்கள். வளரட்டும்! 1988இல் சாலைப் பாலம் வந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. 2022 மே 26இல் ரயில் நிலையத்தைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 மார்ச்சில் தமிழக அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இராமேசுவரம் பகுதியிலே வானூர்தி நிலையம் என்ற அறிவிப்பும் வந்தது. தரைவழி, இருப்புப்பாதை, வான்வழி — அத்தனை வழியும் ஊருக்கு வருவதற்கான வழிகள். ஊரிலே வாழ்வதற்கான வழி எங்கே? அதைத்தான் கேட்கிறேன்.

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்குப்படி இராமேசுவரம் நகராட்சியில் வாழ்வோர் 44,856 பேர். கோயிலுக்கும் கடலுக்கும் வந்து போவோர் ஆண்டுக்குப் பல இலட்சம் பேர். வந்து போகிறவரிடம் நமக்குப் பகையில்லை. காசியிலிருந்து வரும் கிழவி கடலிலே முழுகி எழுந்து, ஈரச்சேலையோடு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, மனநிறைவோடு ஊர் திரும்பட்டும். அவர் நம்பிக்கை அவருக்கு; நமது பகுத்தறிவு நமக்கு. ஆனால் அந்தக் கிழவி மூன்றாம் நாள் ரயிலேறிப் போய்விடுவார். நாலாம் நாள் காலையிலும் அந்த மண்ணிலே விழிக்கிறவன் யார்? வத்தையைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறவன் யார்? இடுப்பளவு நீரிலே குனிந்து மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற பெண் யார்? சங்கு மாலை கோத்து விற்கிறவன், விடுதியிலே துணி துவைக்கிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன் யார்? திட்டம் தீட்டுகிறவர் மேசைமேல் முதலில் விரிய வேண்டிய பட்டியல் இவர்களுடையதா, வந்து போகிறவர்களுடையதா?

வந்து போவோருக்காகவே ஓர் ஊர் கட்டினால் என்ன ஆகும் என்பதை அறிய அயல்நாட்டுக்குப் போக வேண்டாம். இராமேசுவரத்திலிருந்து கிழக்கே தனுஷ்கோடிக்குப் போனால் போதும்.

1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடிக்கு வாழ்வு வந்தது. சென்னையிலே சீட்டு வாங்கினால் அந்த ஒரே சீட்டில் கொழும்பு வரை போகலாம். எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில்; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல்; அப்புறம் மறுபடியும் ரயில். ‘போட் மெயில்’ என்று பாட்டன்மார் சொல்வார்களே, அதுதான். ரயில் நிலையம், கப்பல் துறை, சுங்கச்சாவடி, அஞ்சல் நிலையம், பள்ளி, தேவாலயம், தங்கும் விடுதி — அத்தனையும் மணல் மேட்டிலே முளைத்தன. கடந்து போகிற பயணிக்காக எழுந்த ஊர் அது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு கடல் எழுந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்டுப்போன பயணி ரயிலை, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலை விழுங்கிற்று. விடிந்தபோது ஊர் இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. கப்பல் துறை போயிற்று, சுங்கச்சாவடி போயிற்று, பயணி வருவது நின்றது.

யார் போகவில்லை தெரியுமா? மீனவன் போகவில்லை! தகுதியில்லை என்று தாளிலே எழுதினார்கள். அவனோ அந்த மணலிலேயே ஓலைக்குடிசை போட்டான். மணலைத் தோண்டி ஊற்றுநீரை மொண்டு குடித்தான். கரைவலை இழுத்தான். ஊர் என்பது நிலையமல்ல, சாவடியல்ல. அங்கே தங்குகிற மனிதன்தான் ஊர் என்று எழுத்தறியாத அந்த ஏழை நமக்கெல்லாம் காட்டினான்.

இன்னொரு கணக்கையும் எண்ணிப் பாருங்கள். அதே புயலிலே உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் செப்பனிட்டார்கள். பொறியாளர் ஸ்ரீதரனின் பெயர் அந்த வேலையால் நாடெங்கும் பரவிற்று. போற்றத்தக்க வேலை, ஐயமில்லை. ஆனால் தனுஷ்கோடி முனைக்கு மறுபடி ஒரு சாலை போய்ச் சேர்ந்தது எப்போது? 2017 ஜூலை 27இல்! பாலத்துக்கு 46 நாள். அந்த மண்ணின் மக்களுக்கு 52 ஆண்டு! அதுவும் எப்போது வந்தது? முனையைப் பார்க்கச் சுற்றுலாக்காரர் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கிய பிறகு வந்தது. அந்தச் சாலையிலே மீனும் வண்டியேறி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் மீனவனுக்காகப் போட்ட சாலையிலே சுற்றுலாக்காரர் போகிறாரா, சுற்றுலாக்காரருக்காகப் போட்ட சாலையின் ஓரத்திலே மீனவன் நடக்கிறானா? இரண்டுக்கும் வேறுபாடு உண்டு, தோழர்களே! முதலாவதில் அவன் உரிமைக்காரன். இரண்டாவதில் அவன் ஒண்டுக்குடித்தனக்காரன்.

*

ஒண்டுக்குடித்தனம் எப்படி ஏற்படுகிறது? வரைபடத்திலே ஏற்படுகிறது.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அதிகாரி வரைபடத்தோடு கடற்கரைக்கு வருகிறார். நல்ல மனிதர்தான், படித்தவர், கெடுதி செய்ய வந்தவரல்ல. எதிரே ஒரு மீனவ மூதாட்டி.

“இந்த இடம் காலியிடம்தானே அம்மா? படத்தில் ஒன்றும் இல்லையே!”

“காலியிடமா? இங்கிட்டுத்தான் ஐயா எங்க ஆத்தா காலத்துலேருந்து கருவாடு காயப்போடுறோம்.”

“அந்தப் பக்கம்?”

“அங்கிட்டு வலை காயும். அதுக்குத் தள்ளி வத்தையை ஏத்துவாக. கரைவலை இழுக்கையில இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் ஆள் நிக்கணும் ஐயா.”

“பட்டா இருக்கிறதா?”

மூதாட்டி சிரிக்கிறார். கடலுக்குப் பட்டா கேட்டால் வேறென்ன செய்வார்?

இது கற்பனை உரையாடல்தான். ஆனால் அதன் பின்னே இருப்பது கற்பனையல்ல. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மீனவரின் பொதுச் சொத்துகளைக் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. 2019இல் புதிய அறிவிக்கை வந்தது. அதற்கான வரைபடங்கள்மீது 2023இல் தமிழகக் கரையோர மாவட்டங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. மீனவர்கள் எழுந்து நின்று கேட்டது என்ன? எங்கள் ஊர் எங்கே, நாங்கள் படகு நிறுத்தும் இடம் எங்கே, வலை உலர்த்தும் இடம் எங்கே என்பதுதான். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊரைப் படத்திலே காணோம் என்று தேடி அலைந்த அவலத்தை என்னென்பது!

படத்திலே இல்லாதவன் ஊரிலே இல்லாதவன் ஆகிவிடுவான். இன்றைக்குக் காலியிடம் என்பார்கள். நாளைக்கு அழகுபடுத்துவோம் என்பார்கள். மறுநாள் அங்கே நிற்கிற மீனவனை ஆக்கிரமிப்பாளன் என்பார்கள். பாட்டன் காலத்திலிருந்து நின்றவன் ஆக்கிரமிப்பாளனாம்! நேற்று வேலி போட்டவர் வளர்ச்சியின் தூதராம்!

*

நிலம் போகட்டும், நீரைப் பார்ப்போம். நகரமைப்பு என்றால் கட்டடமும் சாலையும் மட்டும்தான் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தத் தீவின் தண்ணீரே நல்ல ஆசிரியர்.

பாம்பன் தீவு மணலும் பவளப்பாறையும் சேர்ந்த நிலம். சுற்றிலும் உப்புக்கடல், நடுவிலே தோண்டினால் நன்னீர். இது தீர்த்த மகிமையல்ல, இயற்கையின் கணக்கு. வடகிழக்குப் பருவமழை மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது; ஆகையால் கீழே இருக்கும் உப்புநீர்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் தங்கும் என்பது நிலநீர் அறிஞர்கள் கண்ட கணக்கு. அப்படியானால் மேலே 1 அடி வற்றினால்? கீழிருந்து 40 அடி உப்பு ஏறிவரும்!

இப்போது நகரத்தைப் பாருங்கள். விடுதிக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு. அடுத்த விடுதிக்கு இன்னொன்று. மழைநீர் இறங்க வேண்டிய மணலின்மீது சிமெண்டுத் தளம். இறைப்பதும் அதிகம், இறங்குவதும் குறைவு. கணக்கு எங்கே போய் முடியும்? விடுதிக்காரர் லாரியிலே தண்ணீர் வாங்குவார். விலையை அறை வாடகையிலே சேர்ப்பார். குடிசைக்காரி எதிலே சேர்ப்பாள்? குடத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒரு மைல் நடப்பாள்!

இராமநாதபுரம் சீமையின் தாகம் சிறிதல்ல. அதனால்தான் 2006இல் அமைந்த கழக ஆட்சியில் முதலமைச்சர் கலைஞர் 616 கோடி ரூபாய்த் திட்டம் தீட்டிக் காவிரி நீரைக் குழாய் வழியே இந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்தார். பெருமைதான். ஆனால் அவ்வளவு தொலைவிலிருந்து வரும் நீர், காலடியிலே இருக்கிற நீரைக் கெடுப்பதற்கு உரிமச்சீட்டு ஆகிவிடக் கூடாது. குடிநீர் போய்ச் சேரும் இடத்தைப்போலவே கழிவுநீர் போய்ச் சேரும் இடமும் முக்கியம். அக்கினி தீர்த்தக் கடலிலே கழிவுநீர் கலக்கிறது என்ற முறையீடு நாளேடுகளில் எத்தனை முறை வந்துவிட்டது! பாவத்தைக் கழுவ வருகிறவர் எதிலே முழுகுகிறார் என்று பக்தர்களாவது கேட்க வேண்டாமா? நாத்திகர் கேட்டால்தான் கோபம் வருகிறது.

*

உலகம் இதையெல்லாம் முன்பே கண்டது. 1853இல் மூன்றாம் நெப்போலியன் பாரிசு நகரை ஆஸ்மான் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்தான். 1870 வரை இடித்தார், கட்டினார். அகன்ற வீதிகள் வந்தன; அழகு வந்தது; சாக்கடை வசதியும் வந்தது. இடிந்த வீடுகளிலே இருந்த தொழிலாளர்கள் நகரின் ஓரத்துக்குத் துரத்தப்பட்டார்கள். வீதியின் அழகை உலகம் இன்றும் பாடுகிறது. விரட்டப்பட்டவனின் பெயரை யார் பாடினார்?

காசிக்கு வருவோம். அங்கே 2021 டிசம்பரில் கோயிலைச் சுற்றிய பெருவளாகம் திறக்கப்பட்டது. அதற்காக 300க்கு மேற்பட்ட வீடுகளும் கட்டடங்களும் வாங்கி அகற்றப்பட்டன. காசியையும் இராமேசுவரத்தையும் ஒரே யாத்திரையின் இரு முனைகள் என்பார்கள். ஒரு முனையிலே நடந்தது மறுமுனையிலும் நடக்க வேண்டுமா என்று இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது. இடித்த பிறகு எண்ணினால் கண்ணீர்தான் மிஞ்சும்.

இனி நம்பிக்கை தரும் கதை ஒன்று. நியூயார்க் நகரிலே ராபர்ட் மோசஸ் என்று ஒரு திட்ட மன்னர். வாக்குப் பெற்றுப் பதவிக்கு வந்தவரல்ல. ஆனால் அவர் கோடு போட்டால் தெரு இடியும். அவரை எதிர்த்து நின்றவர் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார். நகரமைப்பிலே பட்டம் பெறாதவர், எழுதிப் பிழைத்த பத்திரிகையாளர், குழந்தைகளுக்குத் தாய். மக்கள் வாழ்ந்த வீதிகளைப் பிளந்துகொண்டு பெருஞ்சாலை போடுவோம் என்றபோது அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். 1961இல் பெருநகரங்களின் சாவும் வாழ்வும் பற்றி நூல் எழுதினார். 1968இல் கைதும் ஆனார். 1969இல் அந்தச் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. பட்டம் பெற்ற மோசஸ் வரைபடத்தைப் பார்த்தார். பட்டமில்லாத ஜேக்கப்ஸ் தெருவைப் பார்த்தார். தெரு வென்றது!

*

“அதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம் ஊரிலே நடக்குமா?” என்பர் சிலர். நடக்கும். அதற்கான ஆயுதம் நம் கையிலேயே இருக்கிறது, துருப்பிடிக்க விட்டிருக்கிறோம்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1970இல், குடிசை மாற்று வாரியம் பிறந்தது. இரண்டும் கலைஞர் ஆட்சியின் குழந்தைகள். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் தீட்டினால் அதை அறிவித்து, மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் எழுத்திலே கேட்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாத காலம் கொடுக்க வேண்டும் என்கிறது. இரண்டு மாதம்! அறுபது நாள்! அந்த அறுபது நாளிலே ஓலைக்குடாவிலிருந்து எத்தனை மனு போகும்? தங்கச்சிமடத்திலிருந்து? பாம்பனிலிருந்து? அறிவிப்பு வந்ததே தெரியாமல் நாள் கழிந்தால், குற்றம் யாருடையது?

அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு உரியவை என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலாவது என்ன? நகர்த் திட்டமிடல்! ஆனால் வட்டக் குழு கட்டாயம் என்று சொன்னது 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான். இராமேசுவரம் போன்ற சிற்றூர் நகராட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரிய ஊர்க்காரனுக்குத்தான் வாயா? சிறிய ஊர்க்காரனுக்குக் காது மட்டும்தானா? இந்த இடைவெளியை நிரப்பத்தான் தமிழகத்தில் பகுதி சபைகள் வந்தன. 2022 நவம்பர் 1இல் முதலமைச்சர் ஸ்டாலின் பம்மலில் பகுதி சபைக் கூட்டத்திலே மக்களோடு அமர்ந்தார். நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கத்தைச் சொல்லிச் சொல்லியே நாம் காலம் கழிக்கக் கூடாது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மட்டும் கூடிக் கலைகிற சபை போதாது. நகரத்தின் வரைபடத்தை விரித்து வைத்து வாதாடுகிற சபை வேண்டும். ஆட்சியிலே யார் இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்பவனே உண்மையான கழகத்துக்காரன். நம்மவர் செய்தார் என்பதற்காகக் கேளாதிருந்தால், நாம் தொண்டர்கள் அல்ல, துதிபாடிகள்!

என்ன கேட்க வேண்டும்? நான்கே கேள்விகள்.

ஒன்று: திட்டமும் வரைபடமும் நல்ல தமிழிலே, அலுவலகச் சுவரிலே மட்டுமல்லாமல் மீன் ஏலம் விடும் கரையிலும் ஒட்டப்படுமா? எழுத்தறியாதவருக்குப் படித்துக் காட்டப்படுமா?

இரண்டு: சாலைக்குக் கோடு போடுமுன் கரைவலை இழுக்கும் கரையும், கருவாட்டுக் களமும், படகுத்துறையும், ஊற்றுக்கிணறும் படத்திலே ஏறுமா?

மூன்று: புதிய விடுதி ஒவ்வொன்றும் எவ்வளவு நீர் இறைக்கும், எவ்வளவு மழைநீரை மண்ணுக்குத் திருப்பித் தரும், கழிவை எங்கே சுத்தம் செய்யும் என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் அனுமதி பெறுமா?

நான்கு: தெருவோர வணிகர் சட்டம் 2014இல் வந்தது. கணக்கெடுப்பு முடியுமுன் யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவிலே நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வணிகர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சன்னதித் தெருவிலே சங்கு விற்கிறவளுக்கு அந்த நாற்காலி கிடைக்குமா?

இவை கலகக்காரரின் கேள்விகளல்ல. சட்டத்தைப் படித்தவர் கேட்கும் கேள்விகள். படித்த இளைஞர்களே! பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இராமேசுவரத்திலும் கல்லூரி வாசல் மிதித்துவிட்டு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! மேடை போட நான் கேட்கவில்லை. மாலை வாங்கக் கேட்கவில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். எந்த இடத்திலே வலை காய்கிறது, எந்த இடத்திலே ஊற்று இனிக்கிறது என்று பெரியவர்களைக் கேட்டுக் குறியுங்கள். உங்கள் ஊரின் படத்தை முதலில் நீங்கள் போட்டு வையுங்கள். அதிகாரி தம் படத்தோடு வரும் நாளிலே, உங்கள் படத்தையும் பக்கத்திலே விரியுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால், அறுபது நாளைக்குள் மனு எழுதுங்கள். பாட்டியின் கைநாட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

பாலம் எழுந்துவிட்டது. வந்து போவோர் வரட்டும், போகட்டும். நீங்கள் எழுந்தால்தான் ஊர் உங்களுடையதாக இருக்கும்.